பந்தியில் நிற்பவர்களின் கல்வி

ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வேளையில் நம் பங்குகளில் ஒரு கேள்வி எழக் கேட்கிறோம். மருத்துவம், பொறியியல், செவிலியர் பயிற்சி என்று பேசிக்கொண்டிருந்த வீட்டில், பிள்ளை, "நான் கேட்டரிங் படிக்கப் போகிறேன்" என்கிறது. தந்தைக்கு உடனே கௌரவம் குறுக்கே வந்து நிற்கிறது. பிறர் உண்ட தட்டை எடுப்பதற்கா இத்தனை பாடுபட்டுப் படிக்கவைத்தோம் என்று அவர் மனம் நோகிறார். தாயின் கவலை வேறு. பாடத்திட்டத்தில் திராட்சை இரசம் முதலான மது வகைகளைப் பற்றியும் பாடம் உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். குடியால் அழிந்த குடும்பங்களைக் கண்ணால் கண்ட தாய், தன் பிள்ளையின் கையில் எவரேனும் புட்டியைக் கொடுப்பதைத் தாங்கிக்கொள்வாரா?

இவ்விரு தயக்கங்களையும் நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால், இக்கல்வி எங்கிருந்து வந்தது என்பதை அறிந்த பின்னரே அதனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறை. அதன் வரலாற்றுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தால், சுடர்விளக்குகள் தொங்கும் ஓட்டல்களைக் கடந்து, நாம் சென்று சேருமிடம் துறவற மடங்களின் உணவுக்கூடமும் உக்கிராணமுமே ஆகும். அந்தப் பயணத்தையே இக்கட்டுரையில் மேற்கொள்ள விழைகிறோம்.

வகுப்பறையில் கற்பது

முதலில், இம்மாணவர்கள் உண்மையில் என்ன கற்கிறார்கள் என்று பார்ப்போம். தட்டம் ஏந்தக் கற்கிறார்கள். மேசை விரிப்பைச் சுருக்கமின்றி விரிக்கவும், கத்தி, முள்கரண்டி, கரண்டி ஆகியவற்றை உணவு வரும் வரிசைக்கு ஏற்ப வெளியிலிருந்து உள்நோக்கி எடுக்கும்படி அடுக்கவும் கற்கிறார்கள். விருந்தினரின் உரையாடலைக் கலைக்காமல் அருகே வரவும், தேவையை அவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே கண்ணால் அறிந்துகொள்ளவும் பழகுகிறார்கள். நம் திருமண வீடுகளில் பெரியவர் ஒருவர் பந்தி விசாரித்து வருவாரே, அந்தக் கலையை முறையான பாடமாக்கினால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கிறது இது.

அடுத்து வருவது திராட்சை இரசப் பாடம். புட்டியை முதலில் விருந்தளிப்பவரிடம் காட்டி, தோட்டத்தின் பெயரையும் அறுவடை ஆண்டையும் சொல்லி, அவர் கேட்டது அதுவே என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மேலுறையைப் புட்டியின் விளிம்புக்குக் கீழே அறுத்து, தக்கையை ஓசையின்றி உருவி, வாயைத் துணியால் துடைக்க வேண்டும். விருந்தளிப்பவருக்குச் சிறிதளவு வார்த்து, அவர் சுவைத்துத் தலையசைத்த பின்பே மற்றவர்களுக்கு வார்க்கலாம். பெண்களுக்கு முதலிடம், விருந்தளிப்பவருக்குக் கடைசி இடம். கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பலாகாது. வெண்ணிற இரசத்தை ஏறத்தாழ 8 முதல் 12 பாகை செல்சியசிலும், செந்நிற இரசத்தை 16 முதல் 18 பாகையிலும் கொடுப்பது வழக்கம்.

இவற்றுக்குப் பின்னணியாக அறிவியலும் புவியியலும் வருகின்றன. திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. இந்த நொதித்தல் உயிருள்ள பொருளின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1850-களிலும் 1860-களிலும் நிறுவினார். கறுந்திராட்சையின் தோலோடு சாறு ஊறினால் நிறமும் துவர்ப்பும் ஏறும். தோலை உடனே நீக்கிவிட்டால் கறுந்திராட்சையிலிருந்தும் வெளிறிய இரசம் கிடைக்கும். மேலைநாட்டு மாணவர் தோலிலிருந்து இறங்கும் 'டானின்' என்ற பொருளைப் பற்றிப் படித்தே துவர்ப்பைத் தனியாக உணரப் பழக வேண்டியிருக்கிறது. அறுசுவையுள் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணி, வாழைப்பூவிலும் பாக்கிலும் அதனை அறிந்து வளர்ந்த நம் பிள்ளைக்கு அது பழகிய சுவைதான்.

இங்கே பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. சுவை பயிலும் மேசையின் அருகில் ஒரு படிக்கம் இருக்கும். மாணவர் நிறத்தை நோக்கி, மணத்தை முகர்ந்து, ஒரு வாய் எடுத்து நாவில் புரட்டி, பின்பு அதைத் துப்பிவிட வேண்டும். விழுங்கியவரின் நாவு மூன்றாம் கிண்ணத்துக்குள் மழுங்கிவிடும். இரசத்தை அறிந்துகொள்ள முதல் நிபந்தனை மட்டான மனமும் தெளிந்த அறிவும் என்பதை இத்தொழிலே தன் உறுப்பினர்களுக்குக் கற்பிக்கிறது.

பானம் ஏந்தியவர்கள்

மறைநூலைத் திறந்தால் பரிமாறுவோர் பலரை அங்கே சந்திக்கிறோம். யோசேப்புடன் சிறையில் கிடந்தவர்களுள் ஒருவர், பார்வோனுக்குப் பானம் வழங்குவோரின் தலைவர். நெகேமியாவும் பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவுக்கு இரசக் கிண்ணம் ஏந்தி நின்றவரே. ஒருநாள் கிண்ணத்தை நீட்டியபோது அவர் முகம் வாடியிருந்ததை மன்னர் கண்டு காரணம் வினவினார். பாழடைந்து கிடக்கும் எருசலேமை எண்ணி வருந்துவதாக அவர் சொன்னார். அந்த உரையாடலிலிருந்தே நகரின் மதில்கள் மீண்டும் எழுந்தன. பரிமாறுபவரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்த விருந்தினர் ஒருவரால் வரலாறு திரும்பிய இடம் இது.

கானாவூர்த் திருமணத்தில் பந்தி மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவர் செய்த வேலையை இன்றைய மாணவர் கேட்டால் உடனே புரிந்துகொள்வார். எங்கிருந்து வந்தது என்று அறியாத இரசம் ஒன்றை அவர் சுவைத்து, அதன் தரத்தை மட்டும் கொண்டு, அது சிறந்தது என்று கூறினார். பெயர்ச்சீட்டை மறைத்துவைத்துச் சுவைக்கும் இக்காலத் தேர்வும் இத்தகையதே. ஆனால் நற்செய்தியாளர் யோவான் இன்னொன்றையும் குறித்துவைக்கிறார். மேற்பார்வையாளர் அறியாத அந்த இரகசியத்தைக் கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பிய வேலையாட்கள் அறிந்திருந்தார்கள். ஆண்டவரின் முதல் அரும் அடையாளம், மணமகனுக்கும் தலைவருக்கும் தெரியாமல், பந்தியில் நின்றவர்களுக்கே முதலில் தெரியவந்தது.

நாம் 'திருத்தொண்டர்' என்று வழங்கும் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல், பந்தியில் நின்று பணிசெய்பவரையும் குறிக்கும். திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் ஸ்தேவான் உள்ளிட்ட எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும், கைம்பெண்களுக்கு அன்றாட உணவுப் பங்கீட்டில் நேர்ந்த குறையைத் தீர்க்கவே. திருச்சபையின் முதல் மறைச்சாட்சி பந்திப் பணிக்காக நியமனம் பெற்றவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஆசீர்வாதப்பரின் உணவுக்கூடம்

பரிமாறும் பணியை ஒழுங்குபடுத்திய கல்வியாக ஆக்கியதில் புனித ஆசீர்வாதப்பருக்குப் பெரும் பங்குண்டு. ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில் இத்தாலியின் மொந்தே கசினோ மலையில் அவர் எழுதிய துறவற ஒழுங்குநூல் 73 அதிகாரங்களைக் கொண்டது. செபத்தையும் வேலையையும் பற்றிப் பேசும் அந்நூல், உணவுக்கூடத்துக்கும் கணிசமான இடம் ஒதுக்குகிறது.

31ஆம் அதிகாரம் மடத்தின் உக்கிராணப் பொறுப்பாளரைப் பற்றியது. அவர் அறிவுமுதிர்ச்சியும் மட்டுமிதமும் உடையவராக, பெருந்தீனி விரும்பாதவராக, செருக்கற்றவராக இருக்கவேண்டும். மடத்தின் பண்டபாத்திரங்களைப் பலிபீடத்தின் புனிதக் கலங்களைப் போல் கருதவேண்டும். கேட்டதைக் கொடுக்க வழியில்லாதபோது நல்ல சொல்லையாவது கொடுக்கவேண்டும். விருந்தினரிடம் "இல்லை" என்று சொல்லும் விதத்தை இன்றும் ஓட்டல் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கும் முன்பே அது பாடமாகிவிட்டது.

35ஆம் அதிகாரம் வாரமுறைப் பரிமாறுவோரைப் பற்றியது. நோயாளிகளும் இன்றியமையாத வேறு பணியில் இருப்போரும் நீங்கலாக அனைவரும் முறைவைத்து அடுக்களைப் பணி செய்யவேண்டும். குடிப்பிறப்பு நோக்கி எவருக்கும் விலக்கில்லை. அடிமைகள் சமைத்துப் பரிமாற, உரியவர்கள் சாய்ந்து உண்ட உரோமை உலகில் இது சிறிய மாற்றமன்று. வாரம் முடிந்ததும் துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சேதமின்றி எண்ணி ஒப்படைத்து, வாரம் முடிப்பவரும் வாரம் தொடங்குபவரும் சேர்ந்து அனைவரின் பாதங்களையும் கழுவவேண்டும். ஞாயிறன்று காலைச் செபத்துக்குப் பின் இருவரும் ஆலயத்தில் மற்றவர்களின் செபத்தை வேண்டிப் பெறுவார்கள்.

இந்த அதிகாரத்தில் எளிதில் கண்ணில் படாத ஒரு விதி உண்டு. பரிமாறுவோருக்குப் பந்தி தொடங்குமுன்பே, அவர்களுக்குரிய பங்கைக் குறைக்காமல், சிறிது ரொட்டியும் ஒரு பானமும் தரவேண்டும். பசியோடு நின்று பிறருக்கு உணவு ஏந்துவோர் முணுமுணுக்க நேரும், அது அவர்களின் பணியின் இனிமையைக் கெடுக்கும் என்பதை அத்துறவி அறிந்திருந்தார்.

40ஆம் அதிகாரம் இரசத்தின் அளவைக் கூறுகிறது. துறவிகளுக்கு இரசம் ஏற்றதன்று என்பதே தமக்கு வந்துசேர்ந்த மரபு என்று ஆசீர்வாதப்பர் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் தம் காலத்தவரை அதற்கு இசைவிக்க இயலாதென்று கண்டு, ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் 'எமினா' போதும் என்று வரையறுக்கிறார். அது ஏறத்தாழக் கால் லிட்டர். சற்றுக் கூடுதல் என்பாரும் உளர். முற்றிலும் விலக்கி வாழும் வரம் பெற்றவர்கள் தனிக் கைம்மாறு பெறுவர் என்று அவர்களை உயர்த்துகிறார். இரசமே கிடைக்காத இடத்தில் வாழ்வோர் கடவுளைப் போற்றட்டும், முணுமுணுக்க வேண்டாம் என்கிறார். அளவும், அளவின்மையின் ஆபத்தும், விலக்குவோருக்குரிய மதிப்பும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

53ஆம் அதிகாரம் விருந்தினருக்கானது. வருவோர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்கவேண்டும். ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் தனிக்கவனம் வேண்டும். மடாதிபதியே அவர்களின் கைகளுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும். விருந்தினர் அடுக்களைக்கு, அப்பணியை நன்கு செய்யவல்ல இருவரை ஓராண்டுக்கு நியமிக்கவேண்டும் என்றும் அவர் பணிக்கிறார். அன்பு இருந்தால் போதாது, தேர்ச்சியும் வேண்டும் என்பதே இதன் உட்கிடை.

மதில் சூழ்ந்த தோட்டம்

திருப்பலிக்குத் திராட்சை இரசம் இன்றியமையாதது. அது திராட்சைக் கனியிலிருந்து இயல்பாகக் கிடைத்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் கூறுகிறது. எனவே பலிபீடம் சென்ற இடங்களுக்கெல்லாம் திராட்சைக் கொடியும் உடன் சென்றது. நம் நாட்டிலும் அதன் சாயலைக் காண்கிறோம். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்கொடியைத் தமிழகத்துக்கு 1832-இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் என்று சொல்லப்படுகிறது.

ஐரோப்பாவில் இரசத்தைப் பற்றிய அறிவை நுணுக்கமாக வளர்த்தவர்களுள் முன்நிற்பவர்கள் சிஸ்டர்சியன் துறவிகள். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் சீத்தோ மடம் 1098-இல் தோன்றியது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை அதன் கண்டிப்போடு வாழ விரும்பிய அவர்கள் தம் கைகளாலேயே நிலத்தை உழைத்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து நன்கொடையாகவும் விலைக்கும் சிறுகச்சிறுகச் சேர்த்த நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். 1336-இல் அது நிறைவுற்றது. குளோ த வூஜோ என்னும் அத்தோட்டம் ஏறத்தாழ 125 ஏக்கர் பரப்புடையது, இன்றும் நிற்கிறது.

ஒரே கொடிவகை மேட்டில் ஒருவிதமாகவும் பள்ளத்தில் வேறுவிதமாகவும் கனி தருவதைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துவந்தது அத்துறவு வாழ்க்கை. தனிமனிதன் முப்பது நாற்பது அறுவடைகளைக் காண்பான். மடமோ நூற்றுக்கணக்கான அறுவடைகளை நினைவில் வைத்திருக்கும். நிலத்தைத் துண்டுதுண்டாக அறிந்து பெயரிடும் பர்கண்டியின் அந்த மரபை யுனெஸ்கோ 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்றைய மாணவர் பர்கண்டியின் வரைபடத்தை மனனம் செய்யும்போது, துறவிகள் நடந்து நடந்து பதித்த தடங்களையும் சேர்த்தே படிக்கிறார்.

சம்பாஞ் என்னும் பொங்கும் இரசத்தைப் பற்றிப் பேசுவோர் தொம் பெரிஞ்ஞோன் பெயரைத் தவறாமல் சொல்வார்கள். ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான இவர் 1668 முதல் 1715-இல் இறக்கும்வரை ஓவில்லேர் மடத்தின் உக்கிராணப் பொறுப்பாளராக இருந்தார். பொங்கும் இரசத்தைக் கண்டுபிடித்தவர் இவரே என்ற கதை பிற்காலத்தது; அதே மடத்தைச் சேர்ந்த ஒருவர் 1821-இல் எழுதிய கடிதத்தால் பரவியது. குளிரில் நின்றுபோன நொதித்தல் வேனிலில் புட்டிக்குள் மீண்டும் தொடங்க, புட்டிகள் வெடித்துச் சிதறின. அவர் காலத்தில் அது குறையாகவே கருதப்பட்டது. அதைத் தவிர்க்கவே அவர் முயன்றார். பல தோட்டத்துக் கனிகளின் இயல்பை அறிந்து அவற்றைப் பொருத்தமாகச் சேர்த்ததே அவரது உண்மையான சாதனை. ஆசீர்வாதப்பர் கேட்ட மட்டுமிதமான உக்கிராணக்காரரை இவரிடத்தில் காண்கிறோம்.

மடத்திலிருந்து கடைவீதிக்கு

1789 நவம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு திருச்சபையின் உடைமைகளை நாட்டுடைமையாக்கியது. வூஜோ தோட்டம் 1791-இல் விற்கப்பட்டது. பின்னாளில் பலரிடையே பிரிந்து, இன்று எண்பது பேர் வரை அதில் பங்குடையோர். துறவிகள் வெளியேறினர், அவர்களின் அறிவு மண்ணிலும் ஏடுகளிலும் தங்கியது.

அதே காலத்தில் பாரிசில் 'ரெஸ்டாரன்ட்' பெருகியது. அச்சொல் முதலில் நலிந்த உடலைத் தேற்றும் ஒருவகைச் சாற்றையே குறித்தது. 1760-களில் அத்தகைய சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. விருந்தினர் தமக்குரிய மேசையில் அமர்ந்து, தாம் விரும்பும் நேரத்தில், பட்டியலைப் பார்த்துக் கேட்டு உண்ணும் வழக்கம் அங்கிருந்து வளர்ந்தது. புரட்சியால் வேலையிழந்த பிரபுக்களின் சமையற்காரர்கள் பலரும் அத்தொழிலுக்கு வந்தனர். 'சொமலியே' என்று இன்று பெருமையோடு அழைக்கப்படும் இரச வல்லுநரின் பெயருக்கும் எளிய பிறப்பே. பொதிசுமக்கும் விலங்கைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்தது. பயணத்தில் மூட்டைமுடிச்சுகளுக்குப் பொறுப்பாயிருந்தவரே பின்னர் பிரபுவின் பண்டசாலைக்கும் இரசத்துக்கும் பொறுப்பாளரானார்.

பரிமாறும் முறையும் மாறியது. எல்லா உணவுகளையும் ஒரே நேரத்தில் மேசைமேல் பரப்பிவைப்பது பழைய பிரெஞ்சு வழக்கம். எட்டாத உணவை விரும்பியவர் அருகிலிருப்போரின் தயவை நாட வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக, சூட்டோடு, ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்து கொடுக்கும் உருசிய முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. பாரிசில் 1808 முதல் 1812 வரை உருசியத் தூதராயிருந்த குராக்கின் பிரபு அதை அங்கு அறிமுகப்படுத்தியதாகச் சொல்வர். இம்முறையில் பரிமாறுபவரின் தேர்ச்சி இன்றியமையாததாகிவிட்டது. எந்த உணவுக்குப் பின் எது, எதனோடு எந்த இரசம் என்ற பாடங்கள் இங்கிருந்தே விரிந்தன.

பதின்மூன்றாவது பிள்ளை

இத்தொழிலின் உயர்வையும் சறுக்கலையும் ஒருங்கே காட்டும் வாழ்க்கை செசார் ரிட்சினுடையது. சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில் நீடர்வால்டு என்னும் மலைக்கிராமத்தில் 1850-இல் பிறந்தார். எளிய உழவர் குடும்பத்தின் பதின்மூன்றாவது பிள்ளை. சியோன் நகரில் இயேசு சபையாரிடம் படித்து, பதினைந்து வயதில் பிரிக் என்னும் ஊரிலுள்ள ஓட்டலில் இரசம் பரிமாறும் பயிற்சிக்குச் சேர்ந்தார். ஓட்டல் தொழிலுக்கு வேண்டிய நுட்பம் இவனிடம் இல்லை என்று உரிமையாளர் அனுப்பிவிட்டதாகக் கூறுவர். சிறிதுகாலம் இயேசு சபையாரின் ஆலயத்தில் உபதேசியார்போல் பீடப்பணிகளைக் கவனித்திருந்து, 1867-இல் உலகப் பொருட்காட்சி நடந்த பாரிசுக்குச் சென்றார். தட்டு எடுப்பதிலிருந்து தொடங்கி, 1889-இல் திறக்கப்பட்ட இலண்டன் சவாய் ஓட்டலின் மேலாளராக உயர்ந்தார். சமையற்கலைஞர் எஸ்கோஃபியேயும் அவரோடு சேர்ந்தார்.

1898 மார்ச்சில் இருவரும் அங்கிருந்து நீக்கப்பட்டனர். 3,400 பவுனுக்கு மேற்பட்ட இரசமும் மதுவும் கணக்கில் வராமல் போனது அவர்கள்மேல் எழுந்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அவ்வாண்டு சூன் முதல் நாளில் பாரிசில் ரிட்ஸ் தம் பெயரிலேயே ஓட்டல் திறந்து புகழின் உச்சியை அடைந்தார். 1902-இல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இலண்டனில் மாபெரும் ஏற்பாடுகள் செய்தார். மன்னரின் நோயால் விழா திடீரென்று தள்ளிப்போடப்பட்டபோது அவர் மனம் உடைந்து நோயுற்றார். முழுதாக மீளாமலே 1918-இல் இறந்தார்.

அவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. விருந்தினருக்காகத் தூய்மை, வெளிச்சம், அமைதி ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் தேடியவர் அவர். ஆனால், உக்கிராணத்தின் பண்டங்களைப் பலிபீடக் கலங்கள்போல் எண்ணச் சொன்ன பழைய விதி வெறும் பக்திப்பேச்சு அன்று என்பதை அவர் வாழ்க்கை உணர்த்துகிறது. சாவி எவர் கையில் இருக்கிறதோ அவரைச் சோதனை முதலில் தேடிவரும்.

தேர்வும் பட்டமும்

தொழிலைப் பார்த்துப் பழகிய நிலை மாறி அது பள்ளிப்படிப்பானது 1893-இல். அவ்வாண்டு சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் ழாக் சூமி என்பவர் ஓட்டல் பள்ளியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் இரச வணிகருக்கான உயர்தேர்வு 1953-இலும், பரிமாறும் வல்லுநருக்கான தேர்வு 1969-இலும் தொடங்கின. பிந்தியதை நடத்தும் அமைப்பு 1977-இல் உருவானது. அதன் உயர்நிலைத் தேர்வில் கோட்பாடு, பரிமாறுதல், சுவைத்தல் என்று மூன்று பிரிவுகள். பெயர் மறைத்த ஆறு இரசங்களை 25 நிமிடங்களுக்குள் சுவைத்து, எந்தக் கொடி, எந்த நாடு, எந்த ஆண்டு என்று சொல்லவேண்டும். மூன்று பிரிவுகளுள் பரிமாறுதல் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு அறிந்தவரானாலும் தட்டம் ஏந்தித் தம்மை மெய்ப்பித்தாக வேண்டும்.

துறவியர் இத்துறையிலிருந்து முற்றிலும் விலகிவிடவுமில்லை. அமெரிக்காவின் நாப்பா பள்ளத்தாக்கில் தெ லசால் சபைச் சகோதரர்கள் இரசம் வடித்து அதன் வருவாயால் கல்விப்பணி செய்தனர். வேதியியல் ஆசிரியராயிருந்த சகோதரர் திமொத்தி 1935 முதல் அந்நிறுவனம் விற்கப்பட்ட 1989 வரை இரசப் பொறுப்பாளராகப் பணியாற்றினார்.

நம் நாட்டில் மைய அரசின் ஓட்டல் பயிற்சி நிறுவனம் சென்னையில் 1963-இல் ஏற்பட்டது. தேசிய அளவில் பாடத்திட்டத்தை ஒருமுகப்படுத்தும் குழு 1982-இல் அமைந்தது. 1948 முதல் 1971 வரை தமிழகம் முழுதும் மதுவிலக்கு நிலவியதை எண்ணிப் பார்த்தால், குடிப்பதற்கு இசைவில்லாத மண்ணிலேயே இக்கல்வி வேரூன்றியது என்பது விளங்கும். இரசத்தை அறிவது ஒன்று, குடிப்பது வேறொன்று. அந்த வேறுபாட்டின்மேல்தான் இத்தொழில் நிற்கிறது.

நமக்குரிய கடமை

இப்போது தந்தையின் வினாவுக்கு வருவோம். யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் எந்தப் பந்தியில் அமர்வது என்பதிலெல்லாம் சாதி பார்த்த சமூகம் நம்முடையது. பிறர் தட்டை எடுப்பது இழிவு என்ற எண்ணம் அந்தப் பழைய நோயின் எச்சமே. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், மனித உழைப்பைப் பற்றி 1981-இல் வெளியிட்ட சுற்றுமடலில், வேலையின் மதிப்பு அதன் வகையைப் பொறுத்ததன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே அடங்கியிருக்கிறது என்று தெளிவாக்கினார். பெரிய வியாழனன்று குரு இடுப்பில் துண்டு கட்டிக்கொள்வதைக் கண்டு உருகுகிற நாம், பிள்ளை அதே துண்டைத் தோளில் இடும்போது தலைகுனிவது பொருந்துமா?

தாயின் கவலை இன்னும் ஆழமானது. அதற்கு விடையும் எளிதன்று. குடி நம் ஊர்களில் செய்துவரும் அழிவு கண்முன் நிற்கிறது. 2003 முதல் அரசே சில்லறைக் கடைகளில் மது விற்கும் மாநிலத்தில், இரசத்தின் நுணுக்கம் பேசுவது சிலருக்கு எரிச்சலூட்டலாம். கலையைக் காரணம் காட்டி இக்கவலையை மறுக்க நாம் முனையவில்லை. ஆனால் புட்டியை அறியாதவரை அது காக்கும் என்று சொல்வதற்கில்லை. அதன் ஆற்றலைப் படித்தவர், போதும் என்று விருந்தினரிடம் மென்மையாகச் சொல்லவும் பயின்றவர். கிண்ணத்தைப் பாதியோடு நிறுத்தக் கை பழகியவர். முற்றிலும் விலக்கி வாழ விரும்பும் மாணவருக்கும் ஆசீர்வாதப்பரின் அதிகாரத்தில் உயர்ந்த இடமே இருக்கிறது. தன்மேல் நம்பிக்கையில்லாத பிள்ளையை, அல்லது குடியால் ஏற்கெனவே காயப்பட்ட வீட்டின் பிள்ளையை, இத்துறைக்கு அனுப்புமுன் பெற்றோர் பலமுறை சிந்திப்பதும் நியாயமே.

நாம் செய்யவேண்டியதும் ஒன்றிருக்கிறது. ஓட்டலில் உண்ணச் செல்லும்போது, நம் திருவிழாப் பந்திகளிலும் திருமணங்களிலும், நின்று பரிமாறுகிற இளைஞர் உண்டாரா என்று நம்முள் எத்தனைபேர் கேட்டிருக்கிறோம்? நள்ளிரவு வரை நின்றுவிட்டு, ஞாயிறு காலைத் திருப்பலிக்கு வர இயலாத பிள்ளைகள் எத்தனை பங்குகளில் இருக்கிறார்கள்? அவர்களை விசுவாசம் குறைந்தவர்கள் என்று பேசுவது எளிது. பந்திக்கு முன் ரொட்டியும் பானமும் கொடுக்கச் சொன்ன அந்தத் துறவியோ, அவர்களின் பசியையும் களைப்பையும் முதலில் எண்ணிப் பார்த்தார்.

வாரந்தோறும் பரிமாறுவோருக்காக ஆலயத்தில் செபிக்கும் அவரது வழக்கம் நம் பங்குகளுக்கும் ஏற்றதே. பெத்தானியாவில் பந்திப் பணிசெய்த புனித மார்த்தாவின் திருநாள் சூலை 29-ஆம் நாள் வருகிறது. அதையொட்டிய ஞாயிறு ஒன்றில், பங்கிலுள்ள ஓட்டல் பணியாளர்களையும், சமையற்கலைஞர்களையும், இப்படிப்பில் சேர்ந்துள்ள மாணவர்களையும் பீடத்தருகே அழைத்து அவர்களுக்காக மன்றாடலாம். மன்றாட்டு முடிந்தபின் அவர்களை முதற்பந்தியில் அமரவைத்து, பங்குப்பேரவையினர் எழுந்து பரிமாறலாம்.